பேஸ்பால் பிளேஆஃப் தொடரைக் கணிப்பது எப்படி? ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்

2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 162 ஆட்டங்களில் 111-ஐ வென்றது. அதே பிரிவில் இருந்த சான் டியேகோ பாட்ரேஸுக்கு 89 வெற்றிதான். அந்த சீசனில் இரண்டும் 19 முறை மோதின. அதில் 14 டாட்ஜர்ஸுக்கு. அக்டோபரில் ஐந்து ஆட்டத் தொடரில் மறுபடி மோதின. பாட்ரேஸ் 3-1 என்று முடித்துவிட்டது.

அந்தத் தொடருக்கு முன்பு டாட்ஜர்ஸுக்கு நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டிருந்தால் பலரும் 90, 95 என்றுதான் சொல்லியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 70-க்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். அந்த எண் எப்படி வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கடைசியில் கையில் கிடைப்பது ஒரு அணியின் பெயர் அல்ல, ஒரு சதவீதம். புதிதாகக் கணிப்பவர்கள் சறுக்குகிற இடமும் இதுதான். அவர்கள் அணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எண்ணைத்தான் எக்கச்சக்கமாக ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் தொடரின் அமைப்பு

அமெரிக்க மேஜர் லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பாதி. 2022 முதல் ஒவ்வொரு பாதியிலிருந்தும் 6 அணிகள் பிளேஆஃபுக்கு வருகின்றன: பிரிவுகளில் முதலிடம் பிடித்த 3, மிச்சமுள்ளவற்றில் சிறந்த 3. தரவரிசையில் 1, 2-ஆம் இடத்து அணிகளுக்கு முதல் சுற்று கிடையாது. நேராக இரண்டாம் சுற்று.

முதல் சுற்று மூன்று ஆட்டம். மூன்றுமே மேல்தர அணியின் மைதானத்தில், அடுத்தடுத்த நாட்களில். இரண்டாம் சுற்று ஐந்து ஆட்டம்: மேல்தர அணிக்கு முதல் இரண்டு, எதிரணிக்கு அடுத்த இரண்டு, ஐந்தாவது திரும்ப மேல்தர அணிக்கு. லீக் இறுதியும் உலகத் தொடரும் ஏழு ஆட்டம்: 2, 3, 2 என்று மைதானம் மாறும். உலகத் தொடரில் சீசன் வெற்றி அதிகமுள்ள அணிக்கு முதல் இரண்டும் கடைசி இரண்டும். தொடரைத் தொட்டதும் இந்த மைதான வரிசையை நோட்டில் எழுதிவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெற்றி எண்ணிக்கையை விட்டு ரன்னைப் பாருங்கள்

ஒரு ரன்னில் ஜெயித்ததும் பத்து ரன்னில் ஜெயித்ததும் புள்ளிப் பட்டியலில் ஒன்றுதான். அணியின் பலத்தைச் சொல்வதற்கு ஒரு ரன் வெற்றிகள் நம்பகமான சாட்சி அல்ல, அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கும். சீசன் முழுக்க அடித்த ரன், கொடுத்த ரன் என்ற இரண்டு எண்கள் அதைவிட நன்றாகப் பேசும். பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ் தளங்களில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்.

பில் ஜேம்ஸ் என்ற புள்ளிவிவர எழுத்தாளர் கொடுத்த சூத்திரம் இது: அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் பெயரும் அதுவே.

2022 டாட்ஜர்ஸ் அடித்தது 847, கொடுத்தது 513.
847-ன் வர்க்கம் 7,17,409. 513-ன் வர்க்கம் 2,63,169. இரண்டும் சேர்ந்து 9,80,578.
7,17,409 ÷ 9,80,578 = 0.732.

பாட்ரேஸ் அடித்தது 705, கொடுத்தது 660. இதே வழியில் போட்டால் 0.533.

அதாவது டாட்ஜர்ஸ் 118 ஆட்டம் வெல்ல வேண்டிய அணி, பாட்ரேஸ் 86 ஆட்டம் வெல்ல வேண்டிய அணி. (வர்க்கத்துக்குப் பதில் 1.83 அடுக்கு போட்டால் இன்னும் துல்லியம் என்பார்கள். கைக்கணக்குக்கு 2 போதும்; பலமான அணியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.)

மறுபக்கமும் உண்டு. 2023-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 746 ரன் அடித்து 761 கொடுத்தது. கொடுத்தது அதிகம், ஆனாலும் 84 ஆட்டம் வென்று பிளேஆஃபுக்குள் நுழைந்து, 100 ஆட்டம் வென்ற டாட்ஜர்ஸை 3-0 என்று அனுப்பிவிட்டு உலகத் தொடர் வரை போனது. அதற்காகச் சூத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குறைந்த சதவீதமும் நடக்கத்தான் செய்யும்.

நடுவுக்கு இழுப்பது

அதிகம் பேர் தாண்டிக் குதிக்கும் படி இது. 162 ஆட்டம் நிறைய மாதிரித் தெரியும். ஆனால் ஒரு அணியின் உண்மையான பலத்தை அறிய அது போதாது. 0.732 என்று வந்த அணி உண்மையில் அவ்வளவு பலமான அணியாக இருப்பது அபூர்வம். கொஞ்சம் நல்ல நேரமும் சேர்ந்துதான் அந்த எண் வந்திருக்கும்.

இதற்கு எளிய வைத்தியம்: ஒவ்வொரு அணியின் கணக்கிலும் 70 ஆட்டங்களைச் சேர்த்து, அதில் சரிபாதியான 35-ஐ வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாட்ஜர்ஸ்: 118.5 + 35 = 153.5. அதை 232-ஆல் வகுத்தால் 0.66.
பாட்ரேஸ்: 86.3 + 35 = 121.3. அதை 232-ஆல் வகுத்தால் 0.52.

இந்தப் படியை விட்டுவிட்டால் கடைசி விடை எட்டு, பத்துப் புள்ளி ஏறிப்போய் நிற்கும். "கணக்கு எல்லாம் சரியாத்தான் போட்டேன், ஏன் எப்பவும் பெரிய அணி தோத்துப் போகுது?" என்று குழம்புபவர்களின் நோட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த வரி இருக்காது.

இரண்டையும் மோதவிடுவது

0.66 என்பது சராசரி அணியோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு. எதிரே நிற்பது சராசரி அணி அல்ல, 0.52. எனவே:

டாட்ஜர்ஸ் வென்று பாட்ரேஸ் தோற்பது: 0.66 × 0.48 = 0.317
பாட்ரேஸ் வென்று டாட்ஜர்ஸ் தோற்பது: 0.52 × 0.34 = 0.177
0.317 ÷ (0.317 + 0.177) = 0.64

பொது மைதானத்தில் ஒரு ஆட்டம் ஆடினால் டாட்ஜர்ஸுக்கு 64. இனி சொந்த மைதானம். மேஜர் லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி நூற்றுக்கு 53, 54 ஆட்டம் வெல்கிறது. ஆகவே வீட்டில் 4 புள்ளி கூட்டுங்கள், வெளியே 4 கழியுங்கள்: 68, 60. அதற்கு மேல் மைதானத்துக்கு மரியாதை தேவையில்லை. 2019 உலகத் தொடரில் வாஷிங்டன் நேஷனல்ஸும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் ஆடிய ஏழு ஆட்டத்தையும் வெளியூர் அணியே வென்றது. 2023-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் வெளியூரில் ஆடிய 11 பிளேஆஃப் ஆட்டத்தையும் வென்று கோப்பையைத் தூக்கியது.

ஒரு ஆட்டத்திலிருந்து தொடருக்கு

ஒரு ஆட்ட வாய்ப்பைத் தொடர் வாய்ப்பாக மாற்றக் கீழே உள்ள வரிகள் போதும். முதல் எண் ஒரு ஆட்டத்தின் சதவீதம். அடுத்து மூன்று ஆட்டம், ஐந்து ஆட்டம், ஏழு ஆட்டத் தொடரின் சதவீதம்.

52 → 53.0, 53.7, 54.4
55 → 57.5, 59.3, 60.8
58 → 61.9, 64.7, 67.1
60 → 64.8, 68.3, 71.0
65 → 71.8, 76.5, 80.0

இதை நிதானமாகப் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் 55 இருக்கும் அணி ஏழு ஆட்டம் ஆடினாலும் 61-ஐ எட்டவில்லை. பிளேஆஃபுக்கு வருவதெல்லாம் நல்ல அணிகள், ஆகவே பெரும்பாலான தொடர்களில் ஒரு ஆட்ட வாய்ப்பு 50-க்கும் 58-க்கும் நடுவில்தான் விழும். உங்கள் நோட்டில் அடிக்கடி 75, 80 வந்தால் எங்கோ ஒரு படி தவறியிருக்கிறது.

டாட்ஜர்ஸுக்கு மூன்று ஆட்டம் வீட்டில் 68, இரண்டு வெளியே 60. சராசரி 65-க்குப் பக்கம். ஐந்து ஆட்டத் தொடருக்கு 76. நவீன காலத்தின் மிகப் பெரிய சீசன்களில் ஒன்றை ஆடிய அணிக்கே இவ்வளவுதான். இதிலிருந்தும் இன்னும் கழிக்க வேண்டியிருக்கிறது.

யார் இப்போது அணியில் இருக்கிறார்கள்?

சீசன் ரன் கணக்கு ஏப்ரலில் ஆடிய அணியையும் சேர்த்துச் சொல்வது. அக்டோபரில் இறங்கும் அணி வேறாக இருக்கலாம். பாட்ரேஸ் 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் ஹுவான் சோட்டோவையும் ஜாஷ் ஹேடரையும் வாங்கியது. முதல் நான்கு மாதத்து ரன்னில் அவர்கள் இல்லை. டாட்ஜர்ஸ் பக்கம் வாக்கர் பியூலர் முழங்கை அறுவைக்குப் போய்விட்டார். இரண்டையும் சேர்த்து ஒரு ஆட்ட வாய்ப்பில் மூன்று புள்ளி குறைத்தால் 61; மைதானத்தையும் சேர்த்தால் தொடர் வாய்ப்பு 71.

தொடர் தொடங்கும் நாளில் ஒவ்வொரு அணியும் 26 பேர் பட்டியலைக் கொடுக்கும். அதைப் பார்க்காமல் கடைசி எண்ணை எழுதாதீர்கள். 2025-ல் முழங்கால் காயத்தால் முந்தைய சுற்றுகளில் ஆடாத போ பிஷெட், டொரான்டோ ப்ளூ ஜேஸ் அணிக்கு உலகத் தொடரில்தான் திரும்பினார். ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணியின் ஒஹ்தானி வீசிய பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்தவர் அவர்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தொடரின் நடுவில் காயம் என்று ஒருவரை மாற்றினால் அவர் அந்தத் தொடரோடு அடுத்த சுற்றையும் இழக்கிறார். ஆகவே முந்தைய சுற்றில் யாரை மாற்றினார்கள் என்பதையும் பாருங்கள்.

தனி ஆளுக்கு எத்தனை புள்ளி? மிகச் சிறந்த பேட்டர் ஒருவர் இல்லாவிட்டால் ஒரு ஆட்டத்துக்கு 2 முதல் 3 புள்ளி. அதற்கு மேல் கொடுக்கத் தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பிட்சர்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

டி20 கிரிக்கெட்டில் பும்ரா தான் ஆடும் எல்லா ஆட்டத்திலும் நான்கு ஓவர் போடலாம். பேஸ்பாலில் பந்து வீசுபவர்தான் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது ஸ்டார்ட்டர், ஒருநாள் வீசினால் நான்கு நாள் ஓய்வெடுப்பார். அதனால் ஒரே அணிதான், ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு பலம். சீசனில் ஐந்து ஸ்டார்ட்டர் தேவை. பிளேஆஃபில் ஓய்வு நாட்கள் வருவதால் மூன்று, நான்கு பேரை வைத்தே ஓட்டிவிடலாம். ஐந்தாவது ஆள் மோசம் என்பதற்காக அணியைக் குறைத்து மதிப்பிட்டால் அது தவறாகும், அவர் பந்தைத் தொடவே போவதில்லை.

ஏழு ஆட்டத் தொடரின் நாட்காட்டியை எழுதிப் பாருங்கள். 1, 2-ஆம் நாள் ஆட்டம், 3 பயணம், 4, 5, 6 ஆட்டம், 7 பயணம், 8, 9 ஆட்டம். முதல் ஆட்டத்தில் வீசியவர் 6-ஆம் நாள் ஐந்தாவது ஆட்டத்துக்கு நான்கு நாள் ஓய்வோடு வருவார். இரண்டாவது ஆட்டக்காரர் 8-ஆம் நாள் ஆறாவது ஆட்டத்துக்கு ஐந்து நாள் ஓய்வோடு வருவார். மூன்றாவது ஆட்டக்காரர் 9-ஆம் நாள் ஏழாவதுக்கு. நான்காவது ஆட்டத்துக்கு மட்டும் தனியாக ஒருவர். நல்ல ஸ்டார்ட்டர் மூவர் கையில் உள்ள அணிக்கு ஏழு ஆட்டத் தொடர் ஏன் சாதகமானது என்று இதைப் பார்த்தாலே புரியும்.

முதல் சுற்றிலிருந்து ஏறி வரும் அணிக்குச் சிக்கல் இங்கே தொடங்குகிறது. தலைசிறந்த ஆளை அங்கே இறக்கியிருப்பார்கள்; அடுத்த தொடரின் முதல் ஆட்டத்துக்கு அவர் கிடைக்க மாட்டார். யார் எந்தத் தேதியில் வீசினார், எத்தனை பந்து என்று குறித்து வைத்து எண்ணிப் பாருங்கள். மூன்று நாள் ஓய்வில் ஒருவரை இறக்கினால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெளியே எடுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அந்த பிட்சரின் தரம். அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரியை மட்டும் பார்த்தால் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் திறமையும் தவறும் அதில் கலந்துவிடும். ஃபீல்டருக்குச் சம்பந்தமில்லாத மூன்றை மட்டும் எடுத்துக் கணக்குப் பண்ணுவது நல்லது: ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பியது (நான்கு தவறான பந்து வீசியோ உடம்பில் பட்டோ).

ஹோம் ரன் × 13, கூட்டல் ஓசி × 3, கழித்தல் ஸ்ட்ரைக்அவுட் × 2. வந்ததை அவர் வீசிய இன்னிங்ஸால் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வகுத்து 3.1 கூட்டுங்கள்.

180 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன், 40 ஓசி, 210 ஸ்ட்ரைக்அவுட் உள்ள ஒருவருக்கு: 195 + 120 − 420 = −105. அதை 180-ஆல் வகுத்தால் −0.58. 3.1 கூட்டினால் 2.5. ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.5 ரன் கொடுக்கும் ஆள், முதல் தரம். 4-ஐ ஒட்டி இருந்தால் சுமார், 5-ஐ நெருங்கினால் பயம்.

இதை வாய்ப்பாக மாற்றும் மாற்று விகிதம் எளிது: ஆட்டத்துக்கு 0.1 ரன் வித்தியாசம் என்றால் வெற்றி வாய்ப்பில் ஒரு புள்ளி. அந்த அணியின் ஸ்டார்ட்டர்களின் சராசரி 3.9, இவர் 2.5. வித்தியாசம் 1.4, அது ஒன்பது இன்னிங்ஸுக்கு. ஆறு இன்னிங்ஸ்தான் வீசுவார், ஆகவே 0.93 ரன். அன்றைய ஆட்டத்துக்கு 9 புள்ளி. எதிரணி ஸ்டார்ட்டருக்கும் இதையே போட்டு இரண்டையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒப்பிட வேண்டியது அவருடைய சொந்த அணியின் ஸ்டார்ட்டர் சராசரியோடு, லீக் சராசரியோடு அல்ல. அவர் சீசன் முழுக்கக் காப்பாற்றிய ரன்கள் அணியின் 'கொடுத்த ரன்' கணக்கில் ஏற்கனவே இருக்கின்றன. லீக் சராசரியோடு ஒப்பிட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு முறை பில் போட்ட கதையாகிவிடும்.

இன்னொரு பொறி, அவர் வீசும் நாளை வெற்றி நாளாகவே எழுதிவிடுவது. 2025 இரண்டாம் சுற்றில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் டாரிக் ஸ்கூபலைப் பாருங்கள். அந்த ஆண்டில் அவரைவிடச் சிறந்த பிட்சர் என்று சொல்ல மிகச் சிலரே இருந்தார்கள். சியாட்டில் மரைனர்ஸுக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தில் இறங்கினார். ஹோர்ஹே போலாங்கோ அவர் பந்தில் இரண்டு ஹோம் ரன் அடிக்க, மரைனர்ஸ் 3-2 என்று வென்றது. முடிவு செய்யும் ஐந்தாவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்துவிட்டுப் போனார். ஆட்டம் 15 இன்னிங்ஸ் நீண்டது, மரைனர்ஸ் மறுபடி 3-2. அவர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் தோல்வி. அவரை வைத்து டைகர்ஸுக்கு 60, 62 கொடுத்தவர்கள் தவறு செய்யவில்லை. 90 கொடுத்தவர்கள்தான் செய்தார்கள்.

புல்பென்

ஸ்டார்ட்டர் போன பிறகு வரும் பிட்சர் கூட்டம்தான் புல்பென். பிளேஆஃபில் பயிற்சியாளர்கள் பொறுமை காட்டுவதில்லை. எதிரணியின் ஒன்பது பேரும் ஸ்டார்ட்டரை மூன்றாவது முறை சந்திக்க வருவதற்குள் ஆளை மாற்றிவிடுவார்கள். ஒரே பந்தை மூன்றாவது முறை பார்க்கும் பேட்டருக்கு அது பழகிவிடுகிறது. ஆகவே மூன்று, நான்கு இன்னிங்ஸாவது புல்பென் தலையில்தான்.

சீசனில் ஏழெட்டுப் பேர் பகிர்ந்த வேலையை இங்கே நம்பிக்கையான மூன்று, நான்கு பேர் செய்வார்கள். அதனால் புல்பென் மொத்த சராசரியைப் பார்க்காதீர்கள். அந்த நால்வரின் எண்ணை மட்டும் மேலே சொன்ன சூத்திரத்தில் போடுங்கள். ஓய்வு நாளே இல்லாத 3, 4, 5-ஆம் ஆட்டங்களில் இவர்கள் களைப்பார்கள். முந்தைய இரண்டு நாளும் வீசியவர் மூன்றாம் நாளும் வருவார் என்று கணக்குப் போடக் கூடாது.

சீசனில் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டினால் இரண்டாம் பேஸில் ஒரு ஆளை நிறுத்திச் சீக்கிரம் முடிப்பார்கள். பிளேஆஃபில் அந்தச் சலுகை இல்லை. 15, 18 என்று நீள்வது அதனால்தான். அடுத்த நாள் புல்பென் காலியாகக் கிடக்கும்.

எதைக் கண்டுகொள்ள வேண்டாம்

'சூடு', 'வேகம்', 'மனோபலம்' என்று டிவியில் பேசுவதெல்லாம். 2025-ல் டைகர்ஸ் தன் பிரிவில் க்ளீவ்லாண்ட் கார்டியன்ஸைவிட 15 ஆட்டத்துக்கும் மேல் முன்னால் இருந்து, செப்டம்பரில் சரிந்து, முதலிடத்தையும் அதே கார்டியன்ஸிடம் விட்டது. சரிந்த அணி, பறக்கும் அணி என்று கதை தயாராக இருந்தது. முதல் சுற்றில் இருவரும் கார்டியன்ஸ் மைதானத்தில் மோத, டைகர்ஸ் 2-1 என்று வென்றது. அதே ஆண்டு உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ப்ளூ ஜேஸ் 18 இன்னிங்ஸ் ஆடித் தோற்றது. மனம் உடைந்திருக்கும் என்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டத்தையும் அதே ஊரில் வென்றார்கள்.

சீசனில் நேருக்கு நேர் ஆடிய கணக்கும் அப்படியே. 14-5 என்ன ஆனது என்று மேலேயே பார்த்தோம். அந்த 19 ஆட்டமும் 162-க்குள் இருக்கிறது. தனியாக மறுபடி எண்ண வேண்டாம்.

முதல் சுற்று ஓய்வு கெடுதல், ஆட்கள் துருப்பிடித்துவிடுகிறார்கள் என்றொரு வாதம் 2022, 2023-ல் பலமாக ஓடியது. 2022 முதல் 2025 வரை ஓய்வு பெற்ற 16 அணிகளில் 9 தங்கள் அடுத்த தொடரை வென்றன. மேலே உள்ள வரிகளில் 52-க்கும் 55-க்கும் நடுவில் ஐந்து ஆட்டத் தொடருக்கு என்ன வருகிறதோ, ஏறக்குறைய அதுதான். துருவும் இல்லை, மந்திரமும் இல்லை.

முந்தைய ஆட்டத்தில் பத்து ரன்னில் ஜெயித்ததும் அடுத்ததற்கு உதவாது. 1960 உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் 16-3, 10-0, 12-0 என்று மூன்று ஆட்டத்தைத் துவைத்து எடுத்தது. மொத்த ரன் 55-க்கு 27. கோப்பை பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்கு, 4-3.

"எத்தனை ஆட்டத்தில்?" என்று கேட்டால்

நண்பர்கள் போட்டியில் வெற்றியாளரோடு ஆட்ட எண்ணிக்கையும் கேட்பார்கள். சமபல அணிகள் என்றால் ஏழு ஆட்டத் தொடர் 4-ல் முடிய 12.5 சதவீதம், 5-ல் 25, 6-ல் 31, 7-ல் 31. ஒரு ஆட்டத்தில் 60 உள்ள அணி என்றால், அது 5-ல் வெல்வதும் 6-ல் வெல்வதும் சமம்: தலா 21. ஏழில் 17, நான்கில் 13. எதைச் சொன்னாலும் ஐந்தில் நான்கு முறை தவறும், அதற்காக வருத்தப்படாதீர்கள்.

உங்கள் எண்ணைச் சரிபார்க்க

அமெரிக்கப் பந்தய நிறுவனங்களின் விலையைப் பார்க்கலாம். (பணம் கட்டச் சொல்லவில்லை, தராசுக்கு எடைக்கல் மாதிரிதான்.) மைனஸ் 150 என்றால் 150-ஐ 250-ஆல் வகுங்கள்: 60. எதிரணி பிளஸ் 130 என்றால் 100-ஐ 230-ஆல் வகுங்கள்: 43.5. கூட்டினால் 103.5, மேலே உள்ள 3.5 அவர்கள் லாபம். 60-ஐ 103.5-ஆல் வகுத்தால் 58. உங்கள் எண் இதிலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகினால் அவர்களுக்குத் தெரிந்த காயச் செய்தி ஏதோ உங்களுக்குத் தெரியவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு தொடருக்கும் முன்பே எண்ணை எழுதி வையுங்கள். முடிந்ததும், தேர்ந்த அணி வென்றால் 1, தோற்றால் 0. அதிலிருந்து உங்கள் எண்ணைக் கழித்து வர்க்கம் போடுங்கள். 0.60 சொல்லித் தோற்றால் 0.36, 0.75 சொல்லித் தோற்றால் 0.56. எல்லாவற்றுக்கும் 0.50 என்று எழுதுபவருக்குச் சராசரி 0.25. ஒரு ஆண்டில் 11 தொடர்கள்தான். மூன்று, நான்கு ஆண்டு சேர்ந்தால்தான் நீங்கள் 0.25-க்குக் கீழே இருக்கிறீர்களா என்று உருப்படியாகத் தெரியும்.

தொடர் ஓடும்போது

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அணியின் பலத்தைத் திருத்தாதீர்கள், நிலவரத்தை மட்டும் திருத்துங்கள். சமபல அணிகளின் ஏழு ஆட்டத் தொடரில் 1-0 முன்னிலைக்கு 66, 2-0-க்கு 81, 2-1-க்கு 69, 3-1-க்கு 87.5, 3-2-க்கு 75, 3-0-க்கு 94. உங்கள் அணி கொஞ்சம் பலமானது என்றால் இரண்டு, மூன்று புள்ளி கூட்டுங்கள். 3-0-இல் பின்தங்கிய அணி எழுந்து வென்றது மேஜர் லீக்கில் ஒரே ஒரு முறை: 2004-ல் யாங்கீஸுக்கு எதிராக பாஸ்டன் ரெட் சாக்ஸ்.

மிச்சமுள்ள ஆட்டங்களுக்கு யார் ஸ்டார்ட்டர், யார் மைதானம் என்பதையும் பாருங்கள். 2-2 என்றாலும் அடுத்த ஆட்டத்தில் ஒரு பக்கம் முதல் தர ஆள், மறுபக்கம் நான்காவது ஆள் என்றால் அது 50-50 இல்லை.

ஏழாவது ஆட்டம் வந்துவிட்டால் மேலே சொன்ன ஸ்டார்ட்டர் கணக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நாளை என்று ஒன்று இல்லாததால் யாரும் யாரையும் மிச்சம் வைக்க மாட்டார்கள். 2025 உலகத் தொடரில் டாட்ஜர்ஸுக்காக ஸ்டார்ட்டராக இறங்கியவர்கள் ஸ்னெல், யமமோட்டோ, கிளாஸ்னோ, ஒஹ்தானி. ஏழாவது ஆட்டத்தில் நால்வருமே பந்து வீசினார்கள். அதில் யமமோட்டோ முந்தைய இரவுதான் 96 பந்து வீசி ஆறாவது ஆட்டத்தை வென்று கொடுத்திருந்தார். ப்ளூ ஜேஸ் சொந்த மைதானத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை முன்னிலையில் இருந்து, 11-ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றது. தொடர் முழுக்க அது அடித்தது 34 ரன், டாட்ஜர்ஸ் 26.

அப்படிப்பட்ட ஆட்டத்துக்குச் சொந்த மைதான அணிக்கு 53, 54 என்று எழுதி நோட்டை மூடலாம். கிழக்கு அமெரிக்காவில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5:30. இரு அணியின் பேட்டிங் வரிசை அதற்குச் சில மணி நேரம் முன்பே, நள்ளிரவு தாண்டி வெளிவந்திருக்கும். எழுந்ததும் டிவியைப் போடுவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்து, தேவையென்றால் ஒரு புள்ளி ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.